ஓநாயும் வண்ணத்துப்பூச்சியும்: இளையோர் சருமத்தில் லூபஸின் சரித்திரம்

நோய்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் விலங்குகளைத் துணைக்கு அழைப்பதில் சலிப்படைந்ததே இல்லை. கிரேக்கர்கள் ஒரு கட்டியைப் பார்த்து நண்டு என்றார்கள். அதே நோயை நாம் கரையானின் வீட்டோடு ஒப்பிட்டுப் புற்று என்றோம். இடைக்கால ஐரோப்பியர்களோ முகத்தையும் காலையும் அரித்துத் தின்னும் புண்களைக் கண்டு, லத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் 'லூபஸ்' என்னும் சொல்லை அவற்றுக்கு இட்டார்கள். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பக்திக் கதையில் இச்சொல் நோயின் பெயராக வருகிறது. லியேஜ் நகரத்து ஆயர் எராக்ளியஸ் என்பவருக்கு ஓநாய் கடித்தாற்போன்ற நோய் கண்டதாகவும், தூர் நகரில் புனித மார்ட்டினின் கல்லறையில் வேண்டிக்கொண்டு அவர் குணமடைந்ததாகவும் அக்கதை கூறுகிறது. அவருக்கு இருந்தது இன்று நாம் லூபஸ் என்று அழைக்கும் நோய்தானா? அநேகமாக இல்லை. எந்தப் புண்ணாக இருந்தாலும் அன்று அது ஓநாய்தான்.

இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது, பல நூற்றாண்டுகளாக இடம் மாறி இடம் மாறி வந்த அந்தப் பெயர் கடைசியில் தங்கிவிட்ட ஒரு நோயைப் பற்றி. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே எதிரியாகக் கொண்டுவிடுவது அதன் அடிப்படை. சருமம், மூட்டு, சிறுநீரகம், இதய உறை, இரத்த அணுக்கள், மூளை என்று அது தொடாத இடம் குறைவு. பெரும்பாலும் இளம்பெண்களின் நோயாகவே இது அறியப்பட்டிருக்கிறது. ஆயினும் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிலிருந்து ஐந்தில் ஒருவர் வரையிலானோருக்கு இது 18 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஐந்து வயதுக்குள் வருவது அபூர்வம். பூப்பெய்தும் பருவத்தை ஒட்டி வருவதே அதிகம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் நோய் உக்கிரமாக இருக்கும் என்பதும், சிறுநீரகம் பாதிக்கப்படுவது கூடுதல் என்பதும் இன்று மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட செய்திகள். ஆனால் அப்பிள்ளைகள் தம் நோயை முதலில் சந்திப்பது பெரும்பாலும் கண்ணாடியில். இந்தக் கண்ணாடியை மருத்துவம் எப்போது உற்றுப் பார்த்தது, எப்போது பாராமுகமாக இருந்தது என்பதே நமது விசாரணை.

*

கதை முறையாகத் தொடங்குவது பாரிஸில். கொள்ளை நோயாளிகளை ஊருக்கு வெளியே வைப்பதற்காக நான்காம் ஹென்றி மன்னன் 1607இல் எழுப்பத் தொடங்கிய சென் லூயி மருத்துவமனை, 1801 முதல் சரும நோய்களுக்கான இடமாயிற்று. அங்கே லோரான் தியோடோர் பியே என்னும் மருத்துவர் இருந்தார். சிறந்த ஆசிரியர், ஆனால் எழுத்தில் நாட்டமில்லாதவர். (ஆசான் பேச, மாணாக்கர் ஏட்டில் ஏற்றுவது நம் மரபுக்குப் புதிதா என்ன?) அவர் வார்டுகளில் சொன்னதைக் கசனாவ், ஷெடெல் என்ற இரு மாணவர்கள் நூலாக்கினார்கள். அந்நூலின் 1833ஆம் ஆண்டுப் பதிப்பில், நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பரவும் ஒரு சிவப்பைப் பற்றிய குறிப்பு இடம்பெற்றது. இது மிக அரிதானது, முக்கியமாக முகத்தைத் தாக்குவது, இளவயதினரிடமும் குறிப்பாகப் பெண்களிடமும் காணப்படுவது, அவர்கள் மற்றபடி நல்ல ஆரோக்கியத்துடன் இருப்பவர்கள் என்பது அக்குறிப்பின் சாரம்.

இந்தக் கடைசி வார்த்தையில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. இந்த நோயின் முதல் தெளிவான விவரிப்பிலேயே இளையோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முகத்தைத் தவிர வேறு எதுவும் கோளாறில்லை என்ற தீர்ப்பும் உடனிருக்கிறது. பியே பார்த்த இளம்பெண்களில் சிலருக்கேனும் சிறுநீரில் புரதம் ஒழுகிக்கொண்டிருந்திருக்கலாம். சிறுநீரில் வெளியேறும் புரதத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள உறவை ரிச்சர்ட் பிரைட் லண்டனில் வெளியிட்டது 1827இல்தான். சருமத்தைப் பார்ப்பவர் சிறுநீரையும் பார்க்க வேண்டும் என்று அப்போது எவருக்கும் தோன்றியிருக்க நியாயமில்லை. அன்று அவரவர் உறுப்பு அவரவர்க்கு.

1851இல் கசனாவ் தம் ஆசானின் சிவப்புக்கு நிரந்தரப் பெயரொன்றை அளித்தார். ஏற்கெனவே லண்டனில் ராபர்ட் வில்லனும் அவர் மாணவர் பேட்மனும் 'லூபஸ்' என்ற பழைய சொல்லைத் தூசு தட்டி, முகத்தை அரிக்கும் முடிச்சு நோய் ஒன்றுக்கு வைத்திருந்தார்கள். கசனாவ் அச்சொல்லையே எடுத்து 'சிவப்பு' என்ற அடைமொழியைச் சேர்த்தார். 'லூபஸ் எரிதிமேட்டோசஸ்' பிறந்தது இப்படித்தான். நல்ல மருத்துவர் செய்த அந்தச் சாதாரணக் காரியம் அடுத்த நூறாண்டுக் குழப்பத்துக்கு வித்திட்டது என்றால் மிகையில்லை.

ஏனெனில் இப்போது ஒரே பெயரில் இரண்டு ஓநாய்கள் திரிந்தன. வில்லனின் ஓநாய், 'லூபஸ் வல்காரிஸ்', உண்மையில் சருமத்தில் வரும் காசநோய். 1882இல் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின் அது உறுதிப்பட்டது. அதுவும் பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்கி மூக்கையும் கன்னத்தையும் தின்பது. கசனாவின் ஓநாய்க்கும் கிருமிக்கும் தொடர்பில்லை. ஆனால் குடும்பப்பெயர் ஒன்றாயிருந்ததால் இரண்டும் உடன்பிறப்புகள் என்று ஐரோப்பிய மருத்துவர் பலர் 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நம்பினார்கள். காசநோய்க்கென்று வந்த தங்க உப்புகள் சிவப்பு லூபஸ் நோயாளிகளுக்கும் ஊசியாக ஏற்றப்பட்டன.

இதில் ஒரு கொடிய முரண் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சன் என்பவர் 1890களில், செறிவூட்டிய ஒளியைச் சருமத்தில் பாய்ச்சிக் காசநோய் லூபஸைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். கோபன்ஹேகனில் அவருக்கென 1896இல் ஒளி நிலையம் ஒன்று எழுந்தது. டென்மார்க்கில் பிறந்து இங்கிலாந்தின் இளவரசியாகியிருந்த அலெக்ஸாண்ட்ரா, 1900இல் லண்டன் மருத்துவமனைக்கு ஃபின்சன் விளக்கொன்றை வரவழைத்தார். 1903இல் ஃபின்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே அவர் காலமானார். ஒளி, ஒரு லூபஸுக்கு மருந்தாகி முகங்களை மீட்டுக் கொடுத்தது. மற்ற லூபஸுக்கோ அதே ஒளி விஷம். சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் சருமத்தின் மேலடுக்கு உயிரணுக்கள் மடிகின்றன; மடிந்தவற்றின் உட்கரு வெளிப்படுகிறது; அந்த உட்கருவின் மேல்தான் இந்நோயாளியின் எதிர்ப்புச் சக்திக்குத் தீராப் பகை. ஒரு நண்பகல் வெயிலில் விளையாடிய பிள்ளைக்குச் சில நாட்கள் கழித்து முகம் சிவப்பதோடு காய்ச்சலும் மூட்டுவலியும் கிளர்ந்தெழுவது இதனால்தான். வெளிச்சம் நல்லது என்று எல்லா மொழிகளும் சொல்லிக்கொடுக்கின்றன; இந்தப் பிள்ளைகள் மட்டும் அதை மறக்கக் கற்க வேண்டும்.

*

ஓநாயின் பல்லை மறைத்து அதன்மேல் வண்ணத்துப்பூச்சியை அமர்த்தியவர் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ரா. கன்னங்கள் இரண்டிலும் பரவி மூக்குத்தண்டில் இணையும் சிவப்பை 1845இல் அவர் வண்ணத்துப்பூச்சியோடு ஒப்பிட்டார். அவரது சருமநோய்ப் படத்தொகுதிக்கு ஓவியம் வரைந்தவர்களில் அன்டன் எல்ஃபிங்கர் என்ற மருத்துவரும் ஒருவர். ஓநாயைச் சொன்னவர்கள் நோயின் விளைவைச் சொன்னார்கள். ஹெப்ரா வடிவத்தைச் சொன்னார். அவ்வுவமை இன்றுவரை பாடநூல்களில் நிலைத்துவிட்டதற்கு அதன் துல்லியம் காரணம். சிறகுகள் விரிந்த இடமெல்லாம் சிவந்திருக்கும். மூக்கோரத்திலிருந்து வாயின் கடைக்கு இறங்கும் மடிப்பில் மட்டும் பெரும்பாலும் சிவப்பு இராது. வெயில் புகாத மடிப்பு அது.

ஹெப்ராவின் மாணவரும் மருமகனுமான மொரிட்ஸ் கபோஸி 1872இல் அடுத்த படியை எடுத்து வைத்தார். வட்ட வட்டமாய்த் தழும்பாகி ஓரிடத்தில் நின்றுவிடும் வகை ஒன்று. உடலெங்கும் பரவி, காய்ச்சல், மூட்டு வீக்கம், நுரையீரல் கோளாறு, இரத்தசோகை என்று உள்ளே போய் உயிரையே கேட்கும் வகை மற்றொன்று என அவர் பிரித்தார். 'மற்றபடி ஆரோக்கியம்' என்ற பியேவின் சொற்றொடர் அங்கே உடைந்தது. சருமம் என்பது வீட்டின் வெளிச்சுவர். விரிசல் அஸ்திவாரத்திலும் இருக்கலாம் என்பதைச் சரும மருத்துவர்களே முதலில் கண்டார்கள். 1895 தொடங்கி வில்லியம் ஆஸ்லர் அமெரிக்காவிலிருந்து எழுதிய கட்டுரைகளும் இதே உண்மையை, சரும அடையாளங்களோடு உள்ளுறுப்புகளும் பழுதுபடும் என்பதை, வலியுறுத்தின. அவர் விவரித்த நோயாளிகளில் சிறுவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு இருந்தது வேறு நோய் என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் பார்வை பிழைபடவில்லை.

பிள்ளைகளின் சருமத்தில் இந்நோய் எழுதும் எழுத்துகள் பலவகை. வண்ணத்துப்பூச்சி அவற்றுள் பிரசித்தமானது. வாயின் மேலண்ணத்தில் வலியே இல்லாத புண் வரும். வலிக்காததால் பிள்ளை சொல்லாது, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கழன்று, நெற்றியோரத்தில் உடைந்த குச்சங்களாய் நிற்கும். குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகிப் பின் சிவக்கும். விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் சிறு இரத்தக்குழாய்கள் அழன்று செந்நிறப் புள்ளிகள் தோன்றும். வட்டத் தழும்பு வகை பிள்ளைகளுக்கு அரிது. ஆனால் வந்தால், அது உடல் முழுவதற்குமான நோயாக மாறும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம் என்பதால் மருத்துவர்கள் அதை இலேசில் விடுவதில்லை. மிகச் சிறு வயதிலேயே, குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தால், ஒற்றை மரபணுவின் பழுது காரணமாக இருக்கலாம். குளிர்காலத்தில் விரல்களும் காதுகளும் புண்ணாகும் ஒரு குடும்ப வகைக்குக் காரணமான மரபணு 2007இல் அடையாளம் காணப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது பிறந்த குழந்தையின் லூபஸ். 1954இல் அமெரிக்கச் சரும மருத்துவ இதழொன்றில் மெக்குவிஸ்டன், ஷோக் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சிசுவைப் பற்றி எழுதினார்கள். சிசுவின் சருமத்தில் லூபஸின் தடிப்புகள். நோயாளி குழந்தை என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் பின்னர் கடுமையான லூபஸில் விழுந்தவர் தாய். நோய் தன் வரவைத் தாயின் உடலில் அறிவிக்கும் முன்பே பிள்ளையின் உடலில் கையெழுத்திட்டு விட்டது! இதன் சூத்திரம் பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று. தாயின் இரத்தத்திலுள்ள 'ரோ' என்னும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குள் போகிறது. பிறந்த சில வாரங்களில், குறிப்பாக வெளிச்சம் பட்ட பின், கண்களைச் சுற்றி வளையம் வளையமாகச் சிவப்பு தோன்றும். தாயிடமிருந்து வந்த அப்பொருள் ஆறேழு மாதத்தில் குழந்தையின் இரத்தத்திலிருந்து கரைந்துபோக, தடிப்பும் மறைந்துவிடும். சருமம் மன்னித்துவிடுகிறது, இதயம் அப்படியல்ல. அதே பொருள் கருவிலிருக்கும் இதயத்தின் மின்பாதையைத் தாக்கியிருந்தால் அத்துடிப்புத் தடை வாழ்நாள் முழுவதற்கும் நிலைத்துவிடும். 'ரோ' உள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றில் ஓரிருவருக்கு இது நேர்கிறது. சிசுவின் கண்ணோரச் சிவப்பைப் பார்த்த மருத்துவர் தாயின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்வது இன்று வழக்கமாகியிருப்பதற்கு அந்த 1954ஆம் ஆண்டுச் சிசுவும் ஒரு காரணம்.

*

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நோயின் சரித்திரம் சருமத்தை விட்டு இரத்தத்துக்குள் இறங்கியது. அதற்கு முன்னோடியாக ஒரு சங்கடமான நிகழ்வும் உண்டு. சிபிலிஸைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை 1906இல் வந்தது. லூபஸ் நோயாளிகள் சிலருக்கு அது பொய்யாக 'ஆம்' என்றது. 1909இலேயே இது குறிக்கப்பட்டிருக்கிறது. வேலைக்கோ திருமணத்துக்கோ சோதிக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு, செய்யாத ஒன்றுக்கு இத்தகைய சான்றிதழ் கிடைத்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். பால்டிமோரில் ஜோசப் மூர் என்பவரும் உடன் உழைத்தோரும் 1950களில் இப்படிப் பொய்யாகக் குறிக்கப்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர்களுள் கணிசமானோர் காலப்போக்கில் லூபஸ் நோயாளிகள் ஆவதைக் காட்டினார்கள். பொய்ச் சோதனை மெய்யான முன்னறிவிப்பாயிற்று.

1948இல் மேயோ மருத்துவமனையின் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், பிறிதோர் அணுவின் உட்கருவை விழுங்கிய வெள்ளணுக்களை லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் கண்டார்கள். அதே மேயோவில் அதே ஆண்டு ஹென்ச் என்பவர் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் ஊசியை முதன்முதலில் போட்டார். நோயைக் கண்டறியும் சாவியும், அதை அடக்கும் சம்மட்டியும் ஒரே கூரையின் கீழ் ஒரே ஆண்டில் கிடைத்தன எனலாம். அதற்கு முன் உக்கிரமான லூபஸ் கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் இறந்தார்கள். பால்டிமோரிலிருந்து 1955இல் வெளியான கணக்கின்படி, எல்லா வயதினரையும் சேர்த்து, நோய் கண்டறியப்பட்ட நான்காண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். இன்று நல்ல வசதியுள்ள இடங்களில் பத்தாண்டு கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இந்த வேறுபாட்டில் ஸ்டிராய்டின் பங்கு மகத்தானது, மறுப்பவர் எவருமிலர்.

ஆனால் அந்த மருந்து வாங்கிய விலையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், அந்த விலையும் சருமத்திலேயே செலுத்தப்பட்டதால். முகம் நிலவைப்போல் வீங்கும். கன்னத்திலும் மேலுதட்டிலும் பூனைமயிர் அடர்ந்து வளரும். முகப்பரு, வயிற்றிலும் தொடையிலும் கிழிந்தாற்போல் செந்நிறக் கோடுகள். வளர்ச்சி தடைப்படும். பதினான்கு வயதில் ஓநாய் பாதி முகத்தை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியை மருந்து எடுத்துக்கொண்டது.

இலக்கிய வாசகர்களுக்கு ஃபிளானரி ஓ'கானர் நினைவுக்கு வருவார். ஜார்ஜியாவைச் சேர்ந்த அவருடைய தந்தை லூபஸில் இறந்தது 1941இல்; அப்போது ஃபிளானரிக்கு 15 வயது. ஏறக்குறைய பத்தாண்டு கழித்து அதே நோய் மகளுக்கும் வந்தது. தாய் நோயின் பெயரை மகளிடமிருந்து மறைத்தார். 1952இல் சாலி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தோழி சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். தந்தையின் மரணத்தைப் பதின்பருவத்தில் பார்த்த ஒருவருக்கு அப்பெயர் என்னவாக ஒலித்திருக்கும்! 1953இல் அவர் தம்மைத் தாமே வரைந்துகொண்ட ஓவியம் ஒன்று இருக்கிறது. மஞ்சள் தொப்பியின் கீழ் மருந்தால் உருண்ட முகம், பக்கத்தில் ஓர் அயல்நாட்டுக் கோழிச் சேவல், இருவருக்கும் நேரான வெறித்த பார்வை. தன்னிரக்கத்தின் சாயல் அதில் துளியும் கிடையாது. 1964இல் தமது 39ஆம் வயதில் மறையும் வரை அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஓ'கானருக்கு எழுத்து இருந்தது, மயில்கள் இருந்தன, பண்ணை வீட்டின் தனிமை இருந்தது. எட்டாம் வகுப்பின் இரண்டாம் பெஞ்சில் உட்கார வேண்டிய பிள்ளைக்கு இவை எதுவுமில்லை.

ஆகவே என்ன நடந்தது? பதின்பருவத்தினர் மாத்திரையை நிறுத்தினார்கள். ரகசியமாக, பாதியாக, விடுமுறைக்கு முன்பாக, உறவினர் திருமணத்துக்கு முன்பாக. இது அமெரிக்காவிலும் நடந்தது, இந்தியாவிலும் நடக்கிறது. இளம் லூபஸ் நோயாளிகளிடம் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாமை பரவலாக இருப்பதையும், அதனால் அடங்கியிருந்த சிறுநீரக நோய் மீண்டும் கிளர்வதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. சிறுநீரகம் பெரிது, முகம் சிறிது என்ற மருத்துவரின் கணக்கு தர்க்கப்படி சரியே. ஆனால் அந்தச் சிறியதைக் கேளாததனால்தான் பெரியது பறிபோனது. ஸ்டிராய்டின் அளவை விரைவில் குறைக்க உதவும் பிற மருந்துகளின் மீது இன்றைய மருத்துவம் இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு எலும்பும் கண்ணும் மட்டும் காரணமல்ல.

சருமத்துக்கு மருத்துவம் எவ்வளவு மதிப்பளித்தது என்பதை அதன் பட்டியல்களிலும் படிக்கலாம். லூபஸ் நோயாளிகளை வகைப்படுத்த 1971இல் அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் வகுத்த அளவுகோல்களில் முடியுதிர்தல் ஓர் அம்சமாக இருந்தது. 1982இல் பட்டியலைத் திருத்தியபோது, அது வேறு பல நோய்களிலும் வருவதே என்று நீக்கிவிட்டார்கள். புள்ளியியல் நியாயம் அதுதான். ஆயினும் சீப்பில் தினம் ஒரு கைப்பிடி முடியைப் பார்க்கும் பெண்ணுக்கு, தன் நோயின் பெரும்பகுதி பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்டதைப் போன்றதே அது. 2012இல் வந்த அளவுகோலிலும், 2019இல் ஐரோப்பியரும் அமெரிக்கரும் சேர்ந்து வகுத்ததிலும் முடியுதிர்தல் திரும்ப வந்துவிட்டது. இதற்கிடையே 2005இல், சரும லூபஸின் சீற்றத்தை ஒரு மதிப்பெண்ணாகவும், அது விட்டுச்சென்ற வடுவை வேறொரு மதிப்பெண்ணாகவும் தனித்தனியே அளக்கும் முறை வந்தது. நோய் ஓய்ந்துவிட்டது என்று மருத்துவர் மகிழும் நாளில் தழும்பு அப்படியே இருக்கிறதே என்று பிள்ளை அழுவதற்கு, காகிதத்தில் ஓர் இடம் கிடைத்தது.

*

சருமத்தை மறக்காத மருந்து ஒன்று உண்டு. அதன் வேர் ஆண்டீஸ் மலையில் இருக்கிறது. கிளைகளில் ஒன்று நம் நீலகிரியில். சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் குயினைனை, மலேரியாவுக்காக ஆங்கில அரசாங்கம் நாடியது. 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாத் தோட்டங்கள் போடப்பட்ட வரலாறு இதன் பகுதி. 1894இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பெய்ன், லூபஸ் சிவப்புக்குக் குயினைன் பயன்படுவதைச் சொன்னார். அது பெரிதாக எடுபடவில்லை. இரண்டாம் உலகப் போரில் குயினைன் தட்டுப்பாட்டால் படைவீரர்களுக்கு மெப்பாக்ரின் என்ற செயற்கை மருந்து கோடிக்கணக்கில் விநியோகிக்கப்பட்டது. அதை லூபஸ் நோயாளிகள் 18 பேருக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக 1951இல் 'லான்செட்' இதழில் பேஜ் எழுதினார். தடிப்பு மறைந்தது, ஆனால் மெப்பாக்ரின் சருமத்தையே மஞ்சளாக்கும். சிவப்பைக் கொடுத்து மஞ்சளை வாங்கும் அந்தப் பண்டமாற்றிலிருந்து விடுதலையளித்தது 1955இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹைட்ராக்சிகுளோரோகுயின். இன்று லூபஸ் கண்ட ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதப்படும் முதல் மருந்து இதுவே. முகத்துக்கு நல்லது, நோய் மீளாமல் காப்பது, கருவுற்ற தாய்க்கும் தரத்தக்கது. முன்பு ஒரு குழந்தைக்கு இதயத் துடிப்புத் தடை நேர்ந்த தாய்மாருக்கு, அடுத்த கர்ப்பத்தில் இம்மருந்து கொடுத்தால் அது மீண்டும் நேரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைவதை 2020இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எடைக்கேற்ற அளவைத் தாண்டாமலும், கண் விழித்திரையைக் காலாகாலத்தில் சோதித்தும் வரவேண்டும் என்பதே நிபந்தனை.

அதே 2020இல்தான் கொரோனாவுக்கு இது அருமருந்து என்ற ஆரவாரமும் எழுந்தது. மார்ச் மாதத்தில் இந்தியா இதன் ஏற்றுமதிக்குத் தடை விதித்துப் பின் தளர்த்தியது. உலகின் பல ஊர்களில் மருந்துக்கடை அலமாரிகள் காலியாயின. ஆண்டுக்கணக்கில் தினமும் உண்டு வந்த லூபஸ் நோயாளிகள் மருந்துச்சீட்டோடு கடை கடையாக அலைந்தார்கள். ஜூனில் உலக சுகாதார நிறுவனம் தன் சோதனையிலிருந்து இதைக் கைவிட்டது. கொரோனாவுக்கு அதனால் பயனில்லை என்று தெளிவானபோது, மருந்து தன் பழைய மனிதர்களிடம் திரும்பி வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக லூபஸுக்கென்று புதிய மருந்து எதுவும் அமெரிக்காவில் அனுமதி பெறாதிருந்து, 2011இல் பெலிமுமாப் வந்ததும், அது ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் உரியது என 2019இல்தான் அங்கீகாரம் கிடைத்ததும் இங்கே குறிக்கத்தக்கவை. பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் இடையே எட்டாண்டு இடைவெளி.

*

இதுவரை 'சிவப்பு', 'சிவப்பு' என்றே எழுதிவந்தோம். பாரிஸிலும் வியன்னாவிலும் வெளுத்த கன்னங்களைப் பார்த்துச் சூட்டிய பெயர் அது. மாநிறத்திலும் கருநிறத்திலும் வண்ணத்துப்பூச்சி சிவப்பாக வருவதில்லை. ஊதா கலந்த கருமையாக, பழுப்பாக, சில வேளைகளில் வெறும் மினுமினுப்பாகத்தான் வருகிறது. வட்டத் தழும்பு ஆறும்போது நடுவில் வெளுத்து ஓரத்தில் கறுத்துவிடும். பார்ப்பவர் வெண்குட்டமென்றோ தொழுநோயென்றோ ஒதுங்குவர். வெள்ளைச் சருமத்தின் படங்களைக் கொண்டே பாடநூல்கள் வெகுகாலம் ஓட்டிவிட்டன.

நம் மொழியில் சருமத்துக்குச் சொல்வளம் குறைவில்லை. மங்கு, தேமல், படர்தாமரை, அக்கி, சொறி, சிரங்கு. அக்கிக்குக் காவி எழுதும் குயவரை நம் கிராமங்கள் அறியும். ஆனால் வளம் சில வேளைகளில் வழியை மறிக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் கன்னத்தில் கருமை படர்ந்தால், 'வயசுக்கு வந்தா மங்கு வரும்' என்று பாட்டி சொல்வார், அல்லது வெயிலில் சைக்கிள் ஓட்டியதால் என்று சொல்வார். இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. அடுத்து வருவது மருந்துக்கடைக் களிம்பு. முகத்தை வெளுப்பாக்கும் என்று சீட்டின்றி வாங்கப்படும் களிம்புகளில் ஸ்டிராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பழைய வியாதி. 2018இல் அரசு அவற்றைச் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. அக்களிம்பு சில வாரங்களுக்குத் தடிப்பை அமுக்கி வைக்கும். பின்னர் அதுவே தோலை மெலியச் செய்து, நிறுத்தினால் முகத்தைச் சிவக்க வைக்கும். அப்போது எது நோய், எது களிம்பின் கைவரிசை என்று பிரித்தறிவது அனுபவமுள்ளவருக்கே கடினம். அதற்குள் பள்ளிக்கூட ஆண்டு ஒன்று கழிந்திருக்கும், அந்த ஓராண்டும் சிறுநீரகம் தன் வேலையில் தவறிக்கொண்டிருந்திருக்கும்.

மங்குக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டுகொள்ள, மருத்துவர்கள் முதலில் பார்ப்பது எளியவற்றையே. மங்கு அரிக்காது, தடிக்காது, காய்ச்சலோடு வராது. வண்ணத்துப்பூச்சி சற்றே தடித்திருக்கலாம். வெயிலுக்குப் பின் ஏறும், மூக்கோர மடிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். காலையில் விரல் மூட்டு வலிக்கிறதா, முடி கொட்டுகிறதா, மேலண்ணத்தில் புண் இருக்கிறதா, கண்ணிமை காலையில் வீங்குகிறதா, எடை குறைந்ததா என்று கேட்பார்கள். உட்கருவுக்கெதிரான பொருளைத் தேடும் இரத்தச் சோதனை அதற்குப் பிறகு. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் காகிதப் பட்டையின் விலை மிகக் குறைவு. அதை நனைத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. சிறு ஊர்களின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது முடியும்.